மாவக்காவின் வலது கை

மாவக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அடையாள அட்டையில் பத்திரமாகத் தூங்குகிறது. பேக்கரியில் சேர்ந்த புதிதில் புருவம், காது மடல், கழுத்து மடிப்பு எல்லாம் வெள்ளையாக வீடு திரும்பியவளைப் பார்த்துத் தெருவில் யாரோ வைத்த பட்டப்பெயர்தான் நிலைத்தது. கட்டிய கணவரே கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவார். பெண்டாட்டியை அக்கா என்று கூப்பிடுவது என்ன முறை என்று யாராவது கேட்டால், "அந்த நேரத்துல மரியாதை கொடுத்துடறது நல்லது" என்பார்.

பேக்கரி பெரிதல்ல. முன்னால் கண்ணாடிப் பெட்டிகள், பின்னால் ஒரு நீள அறை. அறையின் ஒரு கோடியில் மாவு கலக்கும் இயந்திரம், மறுகோடியில் அடுப்பு, நடுவில் மர மேசை. கலந்து வந்த மாவை வெட்டி, நிறுத்து, உருட்டி, தட்டில் வரிசையாகப் படுக்கவைப்பது மாவக்கா வேலை. தட்டு அந்தப் பக்கம் போனதும் அடுப்புக்காரர் பொறுப்பு. அவர் அவளைவிட வயதில் சிறியவர், வாயில் பெரியவர். அவளை அக்கா என்பதால் அவள் கணவரை மாமா என்று உரிமையோடு கிண்டல் செய்வார்.

உருட்டுவதைத் தவிர அவளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. புது மூட்டை வந்து இறங்கினால் முதல் பிடியைப் பிசைந்து பார்ப்பது அவள்தான். பிசைந்த உருண்டையைச் சிறிது நேரம் ஊறவைத்து, குழாய்க்கு அடியில் பிடித்துக் கசக்குவாள். பால் மாதிரி வெள்ளைத் தண்ணீர் ஓடும், அது மாவுச்சத்து. ஓடி முடிந்தபின் உள்ளங்கையில் சாம்பல் நிறத்தில் ஒரு சின்ன உருண்டை மிஞ்சும். எவ்வளவு தண்ணீர் விட்டாலும் அது கரையாது. இழுத்தால் நீளும், விட்டால் பின்வாங்கும். பேக்கரியில் அதற்குச் சவ்வு என்று பெயர். சவ்வு நீண்டு திரும்பினால் மூட்டை ரொட்டிக்கு. துவண்டு பிய்ந்தால் பிஸ்கட்டுக்கு. "சவ்வு நல்லா இருக்கு" என்று மாவக்கா சொல்லிவிட்டால் அன்றைக்கு எல்லோரும் நிம்மதியாக வேலை பார்ப்பார்கள்.

கணவர் நகரப் பேருந்து ஓட்டுபவர். வீட்டிலும் தெருவிலும் அவர் டிரைவர்தான். நல்ல கட்டுமஸ்தான ஆள், மெல்ல மெல்ல இளைக்கத் தொடங்கினார். சாப்பிட்டால் வயிறு உப்பும். படி ஏறினால் மூச்சு வாங்கும். முகத்தில் ரத்தமே இல்லை. ஒரு நாள் நிறுத்தத்தில் வண்டியை நிறுத்தியவர், எல்லோரும் ஏறியபிறகும் எடுக்கவில்லை. ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். "என்னப்பா, தூக்கமா?" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். தூக்கம் இல்லை. கண்ணைத் திறந்தால் சாலை மிதந்தது.

பணிமனையில் அவரை வண்டியிலிருந்து இறக்கி, விசாரணைக் கூண்டில் உட்கார வைத்தார்கள். எந்தப் பேருந்து எப்போது வரும் என்று சொல்லும் வேலை.

"பஸ் வரும்னு சொல்றதுக்கு ஒரு ஆளா? வந்தா அவங்களுக்கே தெரியாதா?" என்று வீட்டுக்கு வந்து கேட்டார். சிரிப்பதற்காகச் சொன்னதுதான். அவர் சிரிக்கவில்லை.

மருத்துவமனையில் ரத்தம் எடுத்தார்கள், குழாய் விட்டுக் குடலைப் பார்த்தார்கள். கடைசியில் ஒரு டாக்டரம்மா இருவரையும் உட்காரவைத்து விளக்கினார்.

"கோதுமை ஆகாது இவருக்கு. பார்லி, ரை, அதுவும் ஆகாது. அந்தத் தானியங்கள்ல இருக்கற ஒரு புரதம்தான் பிரச்சனை. குளூட்டன்னு சொல்வோம். மாவைப் பிசைஞ்சு தண்ணியில கழுவினா ஒரு பசை மாதிரி மிஞ்சும், பார்த்திருக்கீங்களா?"

"சவ்வு" என்றாள் மாவக்கா. குரல் எங்கிருந்தோ வந்தது.

"சவ்வா? நல்ல பேரு. அதேதான். அதுல ரெண்டு கூட்டாளிங்க இருக்காங்க. ஒண்ணு இழுத்தா நீளும், இன்னொண்ணு விட்டா திரும்பி வரும். ரெண்டும் தண்ணியில கரையாது. தண்ணி பட்டு, கையும் பட்டா, ஒண்ணையொண்ணு பிடிச்சு வலை மாதிரி ஆயிடும்."

"அந்த வலையிலதான் டாக்டர் காத்து மாட்டி ரொட்டி உப்புது."

"அது எனக்கு இவ்வளவு தெளிவா தெரியாது. உங்க தொழில். ஆனா செடி அதை ரொட்டிக்காகச் செய்யல. விதை முளைக்கும்போது வேர் இருக்காது, இலை இருக்காது. அதுவரைக்கும் சாப்பிடன்னு தன் குழந்தைக்குக் கட்டி வெச்ச சேமிப்பு."

டிரைவர் முதல் முறையாக வாயைத் திறந்தார். "அப்ப, குழந்தையோட சாப்பாட்டு டப்பாவைத் திருடினதுக்குத்தான் எனக்கு இந்த அடியா?"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். பிறகு சொன்னார்: நம் வயிற்றில் உணவைச் செரிக்க வைக்கும் நொதிக் கத்தரிக்கோல்களால் இந்தப் புரதத்தை முழுதாக வெட்ட முடியாது, சில துண்டுகள் மிஞ்சும், பெரும்பாலானவர்களை அது ஒன்றும் செய்யாது. இவர் உடம்பு மட்டும் அந்தத் துண்டைப் பார்த்ததும் எதிரி வந்துவிட்டான் என்று தன் குடலின் உள்சுவரையே அடிக்கிறது. மருந்து இல்லை. கோதுமையை அடியோடு நிறுத்துவதுதான் மருந்து. கொஞ்சம் என்பதெல்லாம் கிடையாது, ரொட்டித் துகள்கூட ஆகாது.

"சுத்தமா நிறுத்திட்டா குடல் தானா ஆறும். ரத்தத்துல ஒரு எண் பார்ப்போம். அது இறங்கி, ரத்தசோகையும் சரியாச்சுன்னா, வண்டி ஓட்டலாம்னு நானே எழுதித் தரேன். அதுவரைக்கும் ஸ்டியரிங் வேண்டாம்."

வெளியே வந்ததும் மாவக்கா தன் இரண்டு கைகளையும் பார்த்தாள். நகக்கண்ணில் மாவு. இத்தனை வருஷம் எதைப் பார்த்து நல்லா இருக்கு, நல்லா இருக்கு என்று சொன்னாளோ, அதுவே வீட்டுக்காரருக்கு விஷம்.

அன்றே வீட்டிலிருந்த கோதுமை, மைதா, பிஸ்கட் எல்லாம் பக்கத்து வீட்டுக்குப் போயின. டப்பாக்களை வெந்நீரில் கழுவினாள். வேலை முடிந்ததும் பேக்கரியிலேயே குளித்து, உடை மாற்றி, தலையில் துணி கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். வாசலில் டிரைவர், "யாருங்க நீங்க? இந்த வீட்டுல வெள்ளையா ஒரு அம்மா இருந்தாங்களே" என்றார்.

பட்டினி கிடக்க வேண்டியதில்லை. சோறு இருந்தது, கிழங்கு இருந்தது. ஆனால் காலையில் ரொட்டி இல்லாமல் அந்த மனிதருக்கு நாள் தொடங்காது. கேட்கவும் மாட்டார். டீயைக் கையில் வைத்துக்கொண்டு, தோய்ப்பதற்கு ஏதும் இல்லாமல், டம்ளருக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருப்பார். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் மாவக்கா கோதுமை இல்லாத ரொட்டி சுட்டுப் பார்க்க இறங்கினாள்.

வாரத்தில் பேக்கரி மூடியிருக்கும் நாளில், காற்றில் மாவு பறக்காத நேரமாகப் பார்த்து, முதலாளியிடம் கேட்டுக்கொண்டு போனாள். அடுப்பைப் பார்த்துக்கொள்ள அடுப்புக்காரர் வருவார். வீட்டில் ரொட்டி சுடும் அடுப்பு இல்லையே. புதுத் தகரம், புதுச் சல்லடை, புதுக் கரண்டி, எல்லாவற்றையும் ஒரு பையில் தனியாகக் கட்டிக் கொண்டுபோவாள். மேசையை மூன்று தண்ணீர் விட்டுத் தேய்ப்பாள். அடுப்புக்காரரை மேசையைத் தொடவே விடமாட்டாள்.

அரிசி மாவில் ஆரம்பித்தாள். அரிசியிலும் சேமிப்புப் புரதம் இருக்கிறது, ஆனால் அது பொட்டலம் பொட்டலமாகத் தன் வீட்டுக்குள்ளேயே கதவைச் சாத்திக்கொண்டிருக்கும் ரகம். எவ்வளவு பிசைந்தாலும் ஒன்றையொன்று பிடிக்காது. கஞ்சி மாதிரி கரைத்துத் தகரத்தில் ஊற்றினாள். வெந்து வந்தது செங்கல். மக்காச்சோளத்துக்கு வெந்நீர் விட்டுப் பார்த்தாள். சூடு இருக்கிறவரை கைக்கு இணங்கி வந்தது, ஆறியதும் வாய் பிளந்தது. வெள்ளைச்சோளம் மணல். எல்லாவற்றையும் தளரக் கரைத்து ஊற்ற வேண்டியிருந்தது, எதுவும் உருட்டுவதற்குப் பிடி கொடுக்கவில்லை.

டிரைவர் எல்லாவற்றையும் தின்றார்.

"எப்படி இருக்கு?" என்று கேட்பாள்.

"வண்டி மலைப்பாதையில நின்னா டயருக்கு முட்டுக் கொடுக்கலாம். நல்லா இருக்கு, இன்னொரு துண்டு குடு."

முட்டுக்கட்டை தின்றே அவர் தேறினார். கன்னத்தில் நிறம் வந்தது, வயிறு அடங்கியது. ரத்தத்தில் அந்த எண் பாதிக்கு மேல் இறங்கியிருந்தது. "இப்படியே போனா அடுத்த தடவை எழுதித் தந்துடுவேன்" என்றார் டாக்டரம்மா. விசாரணைக் கூண்டில் டிரைவர் விசில் அடிக்கத் தொடங்கினார்.

மாவக்கா மட்டும் திருப்திப்படவில்லை. ஊரே அவள் உருட்டிய ரொட்டியைத் தின்கிறது, கட்டியவர் செங்கல் தின்பதா? வலைக்கு வேறு என்ன வழி என்று யோசித்துக்கொண்டே இருந்தவளுக்கு, மருந்துக்கடையில் ஒருவர் மலச்சிக்கலுக்கு இசப்கோல் உமி வாங்குவதைப் பார்த்ததும் பொறி தட்டியது. தண்ணீர் பட்டால் கொழகொழவென்று திரளுமே அது. புரதம் பிடிக்காவிட்டால் என்ன, இந்தக் கொழகொழப்பு பிடிக்கட்டும்.

"மாமாவுக்கு அந்தப் பிரச்சனையும் இருக்கா?" என்றார் பையைப் பார்த்த அடுப்புக்காரர்.

"வாயை மூடு, அடுப்பைத் திற."

உமியை ஊறவைத்து அரிசி மாவும் சோள மாவும் சேர்த்துப் பிசைந்தாள். முதலில் சொதசொதவென்று இருந்தது, பிறகு மெல்ல ஒன்றுகூடி, பாத்திரத்தை விட்டு நகர்ந்து, உள்ளங்கைக்கு அடியில் முழு உருண்டையாக நின்றது. கோதுமையின் துள்ளல் இல்லை. ஆனாலும் அது மாவு. மேசையில் போட்டு உருட்டினாள், உருண்டது. மடித்தாள், மடிந்தது. வெந்து வந்த ரொட்டியின் அடியை அடுப்புக்காரர் விரலால் தட்டிப் பார்த்தார். உள்ளே காற்று இருக்கும் சத்தம்.

"அக்கா, இது ரொட்டிதான்க்கா" என்றார்.

டிரைவர் டீயில் தோய்த்தார். கரையவில்லை, நனைந்தது. அடுத்த துண்டை எடுத்தார். அன்றிலிருந்து வாராவாரம் அந்த ரொட்டிதான்.

அடுத்த ரத்தப் பரிசோதனையில் எண் ஏறியிருந்தது.

"எங்கயோ கோதுமை உள்ள போகுது" என்றார் டாக்டரம்மா. "இதை வெச்சுக்கிட்டு நான் எழுதித் தர முடியாது."

டிரைவருக்கு அதற்கு முன்பே தெரிந்திருந்தது. வயிறு மறுபடி உப்பத் தொடங்கியதை வெளியே சொல்லாமல் மறைத்திருந்தார். அந்த மறைப்புதான் வினையாகிப்போனது. மறைக்கிறார் என்றால் எதையோ தின்கிறார் என்று மாவக்கா முடிவு கட்டினாள். அவள் கணக்கு நேரானது: ரொட்டி கல்லாக இருந்தபோது உடம்பு தேறியது. இப்போது ரொட்டி அருமை, அதிலும் அதே அரிசியும் சோளமும்தான். ஆக, கெடுதல் ரொட்டியில் இல்லை. பணிமனை கேன்டீனில் பன் இருக்கிறது.

"உண்மையைச் சொல்லுங்க. கேன்டீன்ல என்ன சாப்பிட்டீங்க?"

"டீ."

"டீயோட?"

"கிளாஸ். அதைத் திருப்பிக் குடுத்துட்டேன்."

"விளையாடாதீங்க."

"நீதான் விளையாடற. வண்டி வேணும்னு நான் தவிக்கறேன், ஒரு பன்னுக்காக அதை விடுவேனா?"

அவர் சட்டைப் பையைத் திருப்பிப் பார்த்தாள், துகள் இருக்கிறதா என்று. காலரை முகர்ந்தாள். "போலீஸ் நாய் வேலைக்கு எப்ப சேர்ந்த?" என்றார் அவர். வாரங்கள் போகப் போக அந்தச் சண்டையில் சிரிப்பு வற்றியது. ஒரு நாள் அவள், "திருட்டுத்தனமா தின்னுட்டு என் முன்னாடி ஏன் யோக்கியன் மாதிரி நிக்கறீங்க" என்று கேட்டுவிட்டாள். டிரைவர் அதற்குப் பதில் சொல்லவில்லை. அதன்பிறகு எதற்குமே பதில் சொல்லவில்லை. டம்ளரைத் தானே கழுவி வைத்துவிட்டு வேலைக்குப் போனார்.

பேச்சு நின்ற வீட்டில் மாவக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பேக்கரி மூடியிருந்த அடுத்த நாளில் அவர் முன்னால் போய் நின்றாள்.

"கிளம்புங்க. நான் எப்படிப் பண்றேன்னு கண்ணால பாருங்க. அதுக்கப்புறமாவது ரொட்டியைச் சாக்கு சொல்லாம உண்மையைச் சொல்லுங்க."

"நான் எப்ப ரொட்டியைச் சொன்னேன்?" என்றார். ஆனாலும் சட்டையைப் போட்டார்.

பேக்கரியில் கவிழ்த்துவைத்த கூடை ஒன்றில் அவரை உட்காரவைத்து, அவர் பார்க்கப் பார்க்க மேசையைத் தேய்த்தாள். பையைப் பிரித்து ஒவ்வொரு சாமானாகக் காட்டினாள். "இது புதுசு. இது புதுசு. இந்தச் சல்லடைல கோதுமை பட்டதே இல்ல."

"நான் சாட்சி மாமா" என்றார் அடுப்புக்காரர். "மேசையைத் தொட்டா கையை ஒடிச்சிடுவாங்க."

பிசைந்து முடித்தாள். உருண்டையை மேசையில் போட்டு, உருட்டி, மடித்து, ஓரத்தை அழுத்தினாள். டிரைவர் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப என்ன பண்ணின?"

"உருட்டினேன்."

"அதுக்கு முன்னாடி."

"பிசைஞ்சேன்."

"ரெண்டுக்கும் நடுவுல. வலது கை எங்க போச்சு?"

"எங்க போகும்? தோள்லதான் இருக்கு."

"இன்னொரு உருண்டை போடு."

மாவக்கா முகத்தைச் சுளித்துக்கொண்டு அடுத்த உருண்டையை எடுத்தாள். டிரைவர் எழுந்து மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். அவள் இடது கையால் உருண்டையைப் போட்டாள். அதே நொடியில் டிரைவர் அவளுடைய வலது மணிக்கட்டைக் காற்றில் பிடித்தார்.

மூவரும் அந்தக் கையைப் பார்த்தார்கள். மூன்று விரல் நுனியில் ஒரு சிட்டிகை வெள்ளை மாவு. மேசையின் வலது பக்கம், முழங்கை உயரத்தில், எப்போதும் திறந்தே இருக்கும் மைதா டப்பா. உருட்டுவதற்கு முன் மேசையில் ஒட்டாமலிருக்க எடுத்துத் தூவும் மாவு அது. ஒரு நாளில் அவள் அதை எத்தனை முறை தூவுவாள் என்று யாரும் எண்ணியதில்லை. கண் சிமிட்டுவதை யார் எண்ணுவார்கள்?

"இது என்ன மாவு?" என்று டிரைவர் கேட்டார். சத்தமே இல்லாமல் கேட்டார்.

அடுப்புக்காரர்தான் பேசினார். "நானும் இங்கயேதான மாமா நிக்கறேன். தினமும் பார்க்கற கை. அதனால பார்க்கவே இல்ல."

டிரைவருக்கு இது புரியாத விஷயமல்ல. வேறு யாராவது ஓட்டும் வண்டியில் பயணியாக உட்கார்ந்தால், முன்னால் ஏதாவது குறுக்கே வரும்போது இல்லாத பிரேக்கை அவர் கால் மிதிக்கும். கால் மிதித்தபிறகுதான் அவருக்கே தெரியும். மாவக்காவின் கையும் அந்த ஜாதி. கஞ்சியாகக் கரைத்துத் தகரத்தில் ஊற்றிய நாட்களில் அதற்கு வேலை இல்லை, சும்மா இருந்தது. உமி சேர்த்து மாவு உருட்டும் பதத்துக்குத் திரண்டதும், உள்ளங்கை உருண்டையை அடையாளம் கண்டுகொண்டது. கை தன் பழைய வேலையைத் தானே பார்க்கக் கிளம்பிவிட்டது. ரொட்டி நன்றாக வந்ததுதான் கேடு.

அவர் மணிக்கட்டை விட்டார். மாவக்கா குழாயடிக்குப் போய்க் கை கழுவினாள். கழுவிக்கொண்டே இருந்தாள். தண்ணீர் தெளிவாக ஓடத் தொடங்கி வெகுநேரம் ஆனபிறகும் குழாயை மூடவில்லை.

"நானே போட்டிருக்கேன்" என்றாள், திரும்பாமல். "நானே போட்டுட்டு, உங்களை…"

"சரி விடு."

"திருடன்னு சொன்னேன்."

"சொன்ன. சத்தமா வேற சொன்ன. தண்ணியை மூடு, தொட்டி காலியாயிடும்."

டாக்டரம்மாவிடம் போகும் நாள் வந்தது. மாவக்கா வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். அறைக்குள் உட்கார்ந்ததும் டாக்டரம்மா, "எங்கேர்ந்து போச்சுன்னு கண்டுபிடிச்சீங்களா?" என்று கேட்டார்.

மாவக்கா வாயெடுப்பதற்குள் டிரைவர் சொன்னார். "கேன்டீன்ல டாக்டர். பன். வாய் கேக்கல, தெரியாம தின்னுட்டேன்."

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் சுவரில் இருந்த குடல் படத்தைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல டாக்டர்" என்றாள் மாவக்கா. "இவர் ஒண்ணும் தின்னல. என் கைதான்." எழுந்து, மேசைமேல் இருந்த காகிதங்களை நகர்த்திவிட்டு, இல்லாத உருண்டையைப் போட்டு, இல்லாத டப்பாவிலிருந்து எடுத்துத் தூவிக் காட்டினாள். அவள் கை போய் வந்த வேகத்தை டாக்டரம்மா முதல் தடவை தவறவிட்டார். இன்னொரு தடவை செய்யச் சொல்லிப் பார்த்தார்.

"நான் சோப்புப் போட்டுக் கை கழுவற மாதிரிதான் இது" என்றார். "வீட்டுலயும் முழங்கை வரைக்கும் கழுவுவேன், பிள்ளைங்க சிரிக்கும்." பிறகு, "இனிமே என்ன செய்யப் போறீங்க?"

"உருட்ட மாட்டேன். தண்ணி கூடுதலா விட்டுக் கரைச்சுத் தகரத்துலயே ஊத்திடறேன். மேசையே வேண்டாம்."

"உருட்டின ரொட்டியோட அழகு வராதே."

"வராது."

"எனக்கு அழகு பழகிடுச்சுன்னு யார் சொன்னது" என்றார் டிரைவர். டாக்டரம்மாவுக்கு அது புரியச் சற்று நேரம் ஆனது. மாவக்காவுக்கு உடனே புரிந்தது, முழங்கையால் இடித்தாள்.

நடைபாதையில் வந்ததும் கேட்டாள். "எதுக்கு அப்படிப் பொய் சொன்னீங்க?"

"இத்தனை வாரம் திருடன், திருடன்னு சொன்ன. சும்மா திட்டு வாங்கினதா ஆகக் கூடாதுன்னு, ஒரு பன்னையாவது கணக்குல ஏத்திக்கலாம்னு பார்த்தேன். அதையும் கெடுத்துட்ட."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. எது முதலில் என்று தெரியாததால் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

எண் இறங்க மாதக்கணக்கில் ஆயிற்று. அவசரப்பட்டு இறங்கும் சாமான் இல்லை அது. டிரைவர் விசாரணைக் கூண்டிலேயே உட்கார்ந்து பேருந்துகள் வருவதை ஜனங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு ஒரு காலை டாக்டரம்மா எழுதிக் கொடுத்தார். பணிமனையில் அவருக்குப் பழைய தடத்திலேயே வண்டி கிடைத்தது. முதல் நாள் முன்சீட்டில் உட்கார்ந்த ஒருவர், "கூண்டுல இருந்தவரு நீங்கதானே? இந்த பஸ் எப்பங்க கிளம்பும்?" என்று கேட்டாராம். "இப்ப" என்றாராம் டிரைவர். அதை வீட்டுக்கு வந்து மூன்று தரம் சொன்னார்.

மாவக்கா இப்போதும் அதே மேசையில்தான் உருட்டுகிறாள். மற்ற நாட்களில் கை தன் போக்கில் டப்பாவுக்குப் போய் வருகிறது, அவள் தடுப்பதில்லை; அதுதான் சம்பளத்துக்கான வேலை. விடுமுறை நாளில் மட்டும் டப்பாவை மூடி, முன்கடைக்குத் தள்ளிவிட்டு, கதவையும் சாத்திவிட்டு வருகிறாள். கரைத்த மாவைப் பாத்திரத்தோடு தூக்கித் தகரத்தில் ஊற்றுகிறாள். சின்னப் பாத்திரம்தான், ஒரு கையே போதும். ஆனாலும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டுதான் ஊற்றுகிறாள்.